அந்த நேரத்துல அவளுக்கு அங்க இன்னா வேலை?

2024 டிசம்பர் கடைசி வாரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து எங்கள் மண்ணூரில் டீக்கடை, மளிகைக் கடை, ஷேர் ஆட்டோ எங்கே நின்றாலும் ஒரே பேச்சுதான். சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் 23ஆம் தேதி இரவு எட்டு மணி வாக்கில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். நண்பனோடு பேசிக்கொண்டிருந்த பெண். பிடிபட்டவன் யார், எப்படி உள்ளே வந்தான் என்பதைப் பேசியவர்களைவிட, "எட்டு மணிக்கு அவளுக்கு அங்க இன்னா வேலை?" என்று கேட்டவர்களே அதிகம். ஆண்களும் கேட்டார்கள், பெண்களும் கேட்டார்கள். தன் வீட்டுப் பெண்ணை எட்டரை மணிக்கு கம்பெனி பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நின்று கேட்டவர்களும் உண்டு. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கேட்பவருக்கு ஒரு பைசா செலவில்லாத கேள்வி. ஆனால் யாரோ ஒருத்தி அதற்கு விலை கொடுக்கிறாள். எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

இருட்டின் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் ஷிப்ட் நேரம் சற்று முன்பின் இருந்தாலும், மூன்று ஷிப்ட் ஓடும் இடங்களில் பொதுவாக இப்படித்தான்: ஏ ஷிப்ட் காலை 6 முதல் மதியம் 2 வரை. பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை. சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. வாரம் மாறினால் ஷிப்ட் மாறும்.

ஏ ஷிப்ட்டுக்கு நாலே முக்காலுக்குள் வீட்டை விட்டு இறங்கினால்தான் பஸ் கிடைக்கும். சென்னைப் பக்கம் ஆண்டிலேயே மிக முன்னதாகச் சூரியன் எழும் மே, ஜூன் நாட்களில்கூட உதயம் காலை 5.40 மணி வாக்கில்தான். ஜனவரியில் ஆறரை ஆகிவிடும். ஆக, போகும்போது இருட்டு. பி ஷிப்ட் முடித்து பஸ் இறங்கி லைன் வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ வந்து சேர இரவு பதினொன்று. திரும்பும்போது இருட்டு. சி ஷிப்ட்டுக்கு மறுபடி போகும்போது இருட்டு.

இருட்டில் நடக்காத ஷிப்ட் என்று ஒன்று இல்லவே இல்லை. மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால் 26 இருட்டுப் பயணம். ஆண்டுக்கு 312. மூன்று ஆண்டு வேலை செய்த பெண் 936 முறை, பஸ் நிற்கும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தெருவை இருட்டில் கடந்திருக்கிறாள். இது ஓ.டி. சேர்க்காத கணக்கு.

இந்த 312ஐ அவள் தானாகத் தேடிப் போகவில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆவது பிரிவு இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பெண்ணைத் தனியாக விடக் கூடாது, வாகனம் தர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு இரவுப் பணியை அனுமதித்தது. நல்ல தீர்ப்பு, ஆணுக்கு உள்ள வேலை பெண்ணுக்கும் உண்டு என்றது. அதன் பின் வந்த இருபது ஆண்டுகளில் இந்த மாநிலத்தின் ஆலைகள் பெண்களால் நிரம்பின. 2019–20 ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூறில் 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தொகையாகச் சொன்னால் ஏறக்குறைய 6.8 லட்சம் பெண்கள். நம் ஊர் வளர்ந்ததே இவர்கள் இருட்டில் நடந்ததால்தான். மண்ணூரில் மாடி மேல் மாடியாக வாடகை அறைகள் எழுந்ததும், டிபன் கடைகள் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைப்பதும் அந்தக் காசில்தான். எல்லாம் வாங்கிக்கொண்டு, அவளுக்கு ஒன்று நடந்தால் மட்டும் "அந்த நேரத்துல" என்று எப்படிக் கேட்க முடிகிறது?

யார் செய்தது?

"வீட்டோட இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்ற பேச்சை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களோடு வைத்துப் பார்க்கலாம். 2021இல் இந்தியா முழுக்கப் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,677. இவற்றில் 30,571 வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். நூறில் 96.5.

தெரிந்தவர் என்றால் யார் என்றும் காப்பகம் பிரித்துத் தருகிறது. குடும்பத்தவர் 2,424 வழக்குகளில். நண்பர், இணையத்தில் பழகியவர், சேர்ந்து வாழ்ந்தவர், பிரிந்த கணவர் ஆகியோர் 12,951இல். குடும்ப நண்பர், அக்கம்பக்கத்தார், வேலை கொடுத்தவர், மற்ற அறிமுகமானவர் 15,196இல். முகம் தெரியாதவர் மிச்சமுள்ள 1,106இல்.

"இருட்டில் போகாதே, தெரியாத இடத்துக்குப் போகாதே" என்ற அறிவுரையை இந்தியப் பெண்கள் அத்தனை பேரும் ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்தாலும், அது தொடக்கூடியது அந்த 1,106ஐத்தான். குடும்பத்தவரால் நடந்தவை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பத்திரம் என்று நாம் அவளை அனுப்புகிற இடத்தின் எண்ணிக்கை இது. 15,196 என்ற எண் வருகிற வரிசையில் வேலை கொடுத்தவரும் அக்கம்பக்கத்தாரும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வரிசைக்கு உரிய உறவுகள் ஏராளம்: சூப்பர்வைசர், லைன் லீடர், கான்ட்ராக்ட் ஏஜென்ட், வாடகைக்கு விட்டவர், ஊரிலிருந்து வேலைக்கு அழைத்து வந்து சேர்த்துவிட்ட 'அண்ணன்'.

அதே 2021இல் தமிழ்நாட்டின் எண் 422. குறைவுதான். இதைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்களை நான் நம்ப மாட்டேன். போக்சோ வழக்குகள் பெரும்பாலும் தனிக் கணக்கு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களிடம் யாரிடமாவது உதவி கேட்டீர்களா என்று கேட்டது. கேட்டேன் என்றவர்கள் நூறில் 14 பேர். 77 பேர் உதவியும் கேட்கவில்லை, ஒருவரிடமும் வாயும் திறக்கவில்லை. மிச்சமுள்ளவர்கள் யாரோ ஒருவரிடம் சொன்னதோடு சரி. உதவி கேட்ட 14 பேரும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்குத்தான், போலீஸுக்கு அல்ல.

அந்த 77 பேரின் வாயை அடைத்தது எது? நடந்ததைச் சொன்னால் அடுத்த நிமிடம் வரப்போகும் கேள்வி அவர்களுக்குத் தெரியும். டீக்கடையில் இன்னொருத்தியைப் பற்றி நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் அவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

ஒரு பெயரின் விலை

பெண்ணின் பெயரை வெளியில் விட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு நீதிமன்றம் இரண்டு முறை தொகை குறித்திருக்கிறது.

2019 மார்ச். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் காவல் துறையின் பத்திரிகையாளர் சந்திப்பிலும், வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் வெளிவந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

2024 டிசம்பர் 28. அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் பரவியது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. லட்சுமிநாராயணன் அமர்வு மீண்டும் அதே 25 லட்சத்தை இடைக்கால நிவாரணமாகக் கொடுக்கச் சொன்னது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவள் மீது பழி விழ வைக்கிறது என்றும் கண்டித்தது. டீக்கடைப் பேச்சு காவல் நிலையத்துத் தாளுக்கு ஏறியதை ஒரு நீதிமன்றம் வாசித்துக் கண்டுபிடித்தது என்பதால் இந்தக் கணக்கில் எனக்கு மிக முக்கியமான நாள் அது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு தொகையை எழுதுகிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன்படி, விசாரணையில் இருப்பவர் புகார்தாரரின் பெயரை வெளியில் சொன்னால், வேறு பணி விதி இல்லாத இடத்தில், வசூலிக்கக்கூடிய அபராதம் 5,000 ரூபாய். 25 லட்சத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு. கேன்டீனில் ஒரு பெண்ணின் பெயர் மேசை மேசையாகப் போவதற்கு அவ்வளவுதான் விலை. காவல் நிலையத்துக்குப் போகும் குற்றங்களில் நிலைமை கொஞ்சம் மேல்: பாரதிய நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவின்படி பெயரை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவு வாட்ஸாப்பில் முன்னனுப்புகிற நம் எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்பது மண்ணூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் காக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் பொள்ளாச்சியே சாட்சி. வழக்கு மூடிய அறையில் நடந்தது. 48 சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு. தொடக்கத்தில் "ஏன் அவனை நம்பிப் போனாங்க?" என்று கேட்ட ஊர், ஆறே கால் ஆண்டு கழித்து அந்தப் பெண்கள் தளராமல் நின்றதைப் பார்த்தது.

சம்பளப் பக்கம்

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டபோது, நம் பக்கத்து ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய் என்று அப்போதுதான் வெளியுலகம் அறிந்தது. பழைய தொகை என்றாலும் அதையே வைத்துக்கொள்கிறேன். 26ஆல் வகுத்தால் நாளுக்கு 404 ரூபாய்.

புகார் எழுதிக் கொடுக்க ஒரு நாள். மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு நாள். நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் கொடுக்க ஒரு நாள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் குறைந்தது இரண்டு நாள். ஐந்து நாளுக்கு 2,020 ரூபாய், அதோடு அட்டெண்டன்ஸ் போனஸ் போகும். இவ்வளவுதான் என்றால் எந்தப் பெண்ணும் தாங்கிக்கொள்வாள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்தச் செலவைக் குறைக்கவும் வழி வைத்திருக்கிறது: எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை கேட்கக் கூடாது, அவளது வாக்குமூலத்தை அவள் சொல்லும் இடத்துக்கே வந்து பெண் காவலர் பதிவு செய்ய வேண்டும், பரிசோதனை 24 மணி நேரத்துக்குள். நியாய சன்ஹிதாவின்படி, புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை.

பெரிய நஷ்டம் வேறு வரியில் இருக்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த பெண்ணுக்கு ஏதோ நடந்தது என்று வீட்டுக்குத் தெரிந்தால், முதலில் வரும் வார்த்தை, "போதும் பாப்பா, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஊருக்கு வந்துடு." பாசத்தில் சொல்வதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாசத்தின் விலை ஆண்டுக்கு 1,26,000 ரூபாய், அவள் சம்பளத்திலிருந்து. தம்பி படிப்புக்குப் போன பணம், அடகில் இருக்கும் வளையலுக்குக் கட்டிய வட்டி, அவள் பெயரில் சேர்ந்துகொண்டிருந்த சீட்டு எல்லாம் அதில் அடக்கம். செய்தவன் அடுத்த ஷிப்ட்டுக்கு வழக்கம்போல வருவான். அவள் ஊரில், அவசரமாகப் பார்த்த மாப்பிள்ளைக்காகக் காத்திருப்பாள். பழி என்பது வெறும் வார்த்தை என்று சொல்பவர்களுக்கு இந்த 1,26,000ஐக் காட்ட விரும்புகிறேன். தன் மீது கை வைத்த சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லாமல் ஒருத்தி அதே லைனில் நிற்கிறாள் என்றால், அவள் காப்பாற்றிக்கொண்டிருப்பது இந்தத் தொகையைத்தான்.

2018 முதல் நடப்பில் உள்ள தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் திட்டப்படி, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு இழப்பீடு குறைந்தது 4 லட்சம், அதிகம் 7 லட்சம். அந்த 4 லட்சம் இவளது 38 மாதச் சம்பளம். இது கேட்டுப் பெற வேண்டிய பணம். 77 பேர் கேட்கப் போவதே இல்லை.

சுவரும் குழுவும்

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய், 18,720 படுக்கை, அறைக்கு ஆறு பேர். ஒரு படுக்கைக்கு 3.77 லட்சம் ஆகிறது. இந்தச் செலவை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர், வெளிச்சம், கதவுக்குத் தாழ்ப்பாள் என எத்தனையோ வருடம் கெஞ்சிக் கிடைத்த இடம். ஆனால் சுவருக்கு இவ்வளவு செலவு செய்யும் நாம் குழுவுக்கு என்ன செய்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைமை ஒரு பெண், ஊழியர் இருவர், வெளியிலிருந்து ஒருவர் என குறைந்தது நான்கு பேர். பத்துப் பேர் உள்ள பட்டறைக்கும் அதே நான்கு, பத்தாயிரம் பேர் உள்ள ஆலைக்கும் அதே நான்கு. ஆள் கூடக் கூடக் குழுவும் கூட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பத்தாயிரத்துக்கு நான்கு என்றால் ஒருவருக்கு 2,500 பேர். புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம், விசாரணை 90 நாளுக்குள். குழுவே வைக்காத நிறுவனத்துக்கு முதல் அபராதம் 50,000 ரூபாய்.

இந்தச் சட்டத்தில் நம் பெண்களுக்கு மிகவும் உதவக்கூடிய இரண்டு சங்கதி வெளியே பேசப்படுவதே இல்லை. கான்ட்ராக்ட் ஆனாலும் பயிற்சியாளர் ஆனாலும் அவள் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். "நீ எங்க ஆள் இல்ல, ஏஜென்சியில போய்ச் சொல்லு" என்று அனுப்ப முடியாது. கம்பெனி பஸ்ஸும் பணியிடம்தான். நாலே முக்கால் மணி இருட்டில் அவள் பஸ் படியில் காலை வைத்ததுமே சட்டத்தின் கூரைக்குள் வந்துவிடுகிறாள்.

வாச்சாத்தி

நீண்ட கணக்கு ஒன்று பாக்கி. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் அரூர் அருகே வாச்சாத்தி. சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல், வருவாய்த் துறையினர் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்போது சொல்லப்பட்டது என்ன? அவர்கள் கடத்தல்காரர்கள். ஒரு பெண்ணை 'ஏன் போனாய்' என்று கேட்பதுபோல ஒரு கிராமத்தையே 'நீ யார்' என்று கேட்டார்கள். வீட்டில்தான் இருந்தார்கள் அந்தப் பெண்கள், பகல் வெளிச்சத்தில், சொந்த ஊரில். அப்படியும் பழி அவர்கள் மேல்தான்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறை 155, காவல் 108, வருவாய் 6. தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, அவர்களில் 17 பேர் வன்கொடுமைக் குற்றத்துக்காக. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து 2023 செப்டம்பர் 29இல் நீதிபதி பி. வேல்முருகன் தண்டனையை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னார்.

மாதக் கணக்கில் எழுதினால்: இன்றைய சட்டம் புலனாய்வுக்கு இரண்டும், குற்றப்பத்திரிகைக்குப் பின் விசாரணைக்கு இரண்டுமாக நான்கு மாதம் குறிக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஐந்து மாதத்தில் தீர்ப்பு. 2025 ஜூன் 2 அன்று குறைந்தது 30 ஆண்டு வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. பொள்ளாச்சிக்கு 75 மாதம். வாச்சாத்திக்கு 375.

பழி போடுவது நம் ஊர்க்காரர்களின் குணம் மட்டும் அல்ல. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 28 நாடுகளில் எடுத்த கருத்துக் கணிப்பில் நூறில் 27 பேர், சில சூழ்நிலைகளில் சம்மதமில்லாத உறவும் நியாயமாகலாம் என்றார்கள். குடித்திருந்தால் என்று 12 பேர், உடையைக் காரணம் காட்டி 10 பேர். நம் நாட்டில் அது தீர்ப்பிலேயே இருந்தது: 1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நடந்த கொடுமையில், அவள் உடலில் காயம் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களை விடுவித்தது. அதை எதிர்த்து நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய ஒரு கடிதம், தெருவுக்கு வந்த பெண்கள், பின் 1983இல் சட்டத் திருத்தம். பெண்ணின் 'பழக்கத்தை' அளக்கும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் தவறு என்றது 2013இல். அதன் பிறகும் அது நடந்துகொண்டிருந்ததால்தான் 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மறுபடி தடுக்க வேண்டி வந்தது. இடையில் ஒன்பது ஆண்டு.

மிச்சம் நான்கு நாள்

என் கணக்கில் ஒரு பிழை இருப்பதை எழுதி முடிக்கும்போதுதான் கண்டேன். 26 இருட்டுப் பயணம் என்று எழுதினேன். "அவள் வேலைக்குத்தான் போனாள், ஊர் சுற்றப் போகவில்லை" என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் வாதம். டீக்கடையில் இதைச் சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டபடியே, ஊர் சுற்றப் போனவளைக் கைவிட்டுவிடுவார்கள். அண்ணா பல்கலைக்கழக மாணவி அன்று ஷிப்ட்டில் இல்லை. நண்பனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் 312 எந்த உதவியும் செய்யாது. அவள் வழக்கில் உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது இதைவிடப் பெரியது: பெண் இரவில் தனியே நடக்கலாம், பிடித்ததை உடுத்தலாம், பிடித்தவனோடு பேசலாம், அதற்காக அவளை எடை போடும் உரிமை யாருக்கும் இல்லை.

அதனால் விட்டுப்போன நாட்களையும் சேர்க்கிறேன். மாதத்தில் நான்கு ஞாயிறு. ஆறு நாள் நின்ற காலோடு, ரூம் தோழியோடு ஸ்ரீபெரும்புதூர் போய்ப் படம் பார்ப்பாள். புதுச் சுடிதார் எடுப்பாள். பழகுகிறவனோடு ஒன்பது மணிக்குப் பரோட்டா கடையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவாள். பிறகு மண்ணூர் தெருவில் இருட்டில் நடந்து அறைக்கு வருவாள். வேலை எதுவும் இல்லாமல், சும்மா.

26ஓடு 4. மாதம் 30.